அப்பா வீடு திரும்பிவிட்டார், கிளினிக் தேதியோ அடுத்த மாதக் கடைசியில். நடுவில் என்ன செய்வது?

யீஷுன்வாசி

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு காலம் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுத வேண்டியதாகிவிட்டது.

அப்பாவுக்கு 61 வயது. சிங்கப்பூர் ஆயுதப்படையில் ரெகுலராக, அதாவது நிரந்தரப் பணியில், சேர்ந்து வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு செக்யூரிட்டி வேலை பார்த்தார். முழங்கால் வலியால் போன வருடம் அதுவும் நின்றுபோனது. தூக்கம் கெட்டது, குடி கூடியது, பேச்சு குறைந்தது. சில வாரங்களுக்கு முன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அம்மா நேரத்தோடு பார்த்ததால் பிழைத்தார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஒரு மாத்திரைப் பை, வெளிநோயாளி கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க ஒரு சீட்டு. தேதி அடுத்த மாதக் கடைசியில் இருக்கிறது. வார்டில் இருந்தவரை ராத்திரியும் பகலும் யாராவது கண் வைத்திருந்தார்கள். இங்கே நானும் அம்மாவும்தான். நான் வேலைக்குப் போனால் அம்மா மட்டும்.

அப்பா கிளினிக்குக்கே வர மாட்டேன் என்கிறார். அவர் வாயில் அது இன்னமும் 'உட்பிரிட்ஜ்'தான், மனநல மருத்துவமனையின் பழைய பெயர். பெரியப்பா வந்து, சாமி படத்துக்கு முன்னால் நிற்கவைத்து, இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அதை நம்பி இருக்கலாமா? அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கென்றே தனி மருத்துவமனை, தனி ஆட்கள் எல்லாம் உண்டு என்று சித்தி மகன் சொல்கிறான். இங்கே அப்படி ஏதாவது இருக்கிறதா?

நெறியாளர்

பதில்கள் வருவதற்கு முன் இது மேலே இருக்கட்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் 995. எந்த நேரமும் பேச, தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767, வாட்ஸ்அப்பில் எழுத 9151 1767. மனநலக் கழகத்தின் 24 மணி நேர உதவி எண் 6389 2222. தேசிய மனநல எண் 1771. பதில் எழுதுபவர்கள் யாரும் முயற்சி எப்படி நடந்தது என்று கேட்கவோ, வேறு சம்பவங்களை விவரிக்கவோ வேண்டாம். பெயர், யூனிட் போன்ற அடையாளங்களும் வேண்டாம்.

இரவுப்பணி

தங்கச்சி, நான் மனநல வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள். நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. எந்த நாட்டு ஆய்வை எடுத்தாலும் இது திரும்பத் திரும்ப வருகிறது: மனநல வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரமும், அதை ஒட்டிய மூன்று மாதமும்தான் மிக ஆபத்தான காலம். அதனால் அடுத்த மாதக் கடைசிவரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையில் கிளினிக்குக்கு ஃபோன் போடுங்கள். "அப்பாயிண்ட்மெண்டை முன்னால் தள்ள முடியுமா" என்று மட்டும் கேட்டால், இடமில்லை என்று ஒரே வரியில் பதில் வரும். "உயிரை மாய்க்க முயன்று டிஸ்சார்ஜ் ஆனவர், இன்னும் தூங்குவதில்லை, குடிக்கிறார், வர மாட்டேன் என்கிறார்" என்று முழுதாகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் அந்த ஃபோன் வேறு ஆளிடம் போகும். கேஸ் மேனேஜர் யார், நடுவில் யார் கூப்பிட்டுப் பார்ப்பார்கள், எந்த எண்ணில் கிடைப்பார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

அப்புறம் அந்தச் சத்தியம். பெரியப்பா பாசத்தில் செய்தது, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். மருத்துவமனைகளிலேயே ஒரு காலத்தில் இப்படி 'செய்ய மாட்டேன்' என்று கையெழுத்து வாங்கும் பழக்கம் இருந்தது. அது உயிரைக் காப்பதாக எங்கும் நிரூபணமாகவில்லை, கைவிட்டுவிட்டார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. சத்தியம் செய்தவருக்கு மறுபடி அந்த எண்ணம் வந்தால் யாரிடமும் சொல்ல வாய் வராது. சாமிக்குக் கொடுத்த வாக்கை மீறியவன் ஆகிவிடுகிறோமே என்று உள்ளேயே வைத்துக்கொள்வார். "அந்த எண்ணம் வந்தால் வெட்கப்படாமல் என்னிடம் சொல்லுங்கள் அப்பா, நான் கத்த மாட்டேன், அழ மாட்டேன்" என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். சத்தியத்தைவிட அது அவருக்குப் பயன்படும்.

இப்போது இதற்குப் பதிலாகச் செய்வதற்குப் பாதுகாப்புத் திட்டம் என்று பெயர். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வடிவமைத்தது. ஒரே ஒரு தாள்தான். எண்ணம் தலைதூக்கும்போது தனக்கு என்ன நடக்கிறது என்பதை அவரே முதலில் எழுதுவார். உங்கள் அப்பா 'ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால், பழைய முகங்கள் வந்தால்' என்று எழுதலாம். அடுத்து, யார் உதவியும் இல்லாமல் தானே செய்யக்கூடியது: குளிப்பது, நடப்பது, ரேடியோ போடுவது. அது போதவில்லை என்றால் மனம் மாற எங்கே போவது, யாரோடு இருப்பது. அதற்கும் மேலே போனால் யாரிடம் வெளிப்படையாகச் சொல்வது, எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது. கடைசியாக, ஆபத்தானவற்றை வீட்டிலிருந்து அகற்றுவது. எல்லாம் அவர் வார்த்தையில், அவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். நாம் எழுதி அவர் கையில் கொடுத்தால் அலமாரியில்தான் கிடக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது இதைப் போட்டுத் தந்தார்களா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கிளினிக்கில் உட்கார்ந்து போடச் சொல்லிக் கேளுங்கள்.

யீஷுன்வாசி

நன்றி அக்கா. பையைக் கொட்டிப் பார்த்தேன். மாத்திரை விளக்கத் தாள், மருத்துவச் சான்றிதழ், அப்பாயிண்ட்மெண்ட் சீட்டு. அவ்வளவுதான். நாளைக்கே கூப்பிடுகிறேன்.

புக்கிட் பாத்தோக் அண்ணன்

தங்கையே, நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் போய் அந்த எண்ணம் வருகிறதா வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தால், இல்லாத எண்ணத்தையும் நாமே கொடுத்ததுபோல ஆகிவிடாதா? கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், பேரப்பிள்ளைகளோடு விடுங்கள், மனசு தானே மாறும். இன்னொன்று, இதெல்லாம் போலீஸ் ரெக்கார்டில் ஏறிவிட்டால் நாளைக்குப் பிள்ளைகள் வேலைக்குப் போகும்போது பிரச்சினை வராதா?

இரவுப்பணி

அண்ணே, இந்த இரண்டு பயமும் நம் வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். நேரடியாகக் கேட்பதால் எண்ணம் வருவதில்லை. இதை ஆய்வு செய்து பார்த்த இடங்களில், கேட்டதால் எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை. சிலருக்குக் குறைந்தும் இருக்கிறது. வார்டில் நான் பார்த்ததும் அதுதான். கேட்டதும் பலர் பெருமூச்சு விடுவார்கள். 'கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார்' என்ற முகம் அது. நாள் முழுக்கக் கேட்கத் தேவையில்லை. அமைதியாக, சுற்றி வளைக்காமல், "சாகணும் என்ற எண்ணம் வருகிறதா அப்பா?" என்று கேளுங்கள். 'தப்பான முடிவு எடுக்க மாட்டீங்கதானே' என்று கேட்டால் 'மாட்டேன்' என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுக்கிறோம்.

கோயில், பேரப்பிள்ளை எல்லாம் நல்லதுதான். பாதுகாப்புத் திட்டத்திலேயே அவற்றுக்கு இடமுண்டு. கிளினிக்குக்குப் பதிலாக அவற்றை வைப்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

போலீஸ் விஷயம்: தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு நீக்கப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல் அது குற்றமே இல்லை. உயிரைக் காப்பாற்ற போலீஸ் வரலாம், வழக்குப் போட வர மாட்டார்கள். வேலை விண்ணப்பப் படிவத்தில் மனநோய் உண்டா என்று முதலாளிகள் கேட்கக் கூடாது என்றும் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்த முத்தரப்பு வழிகாட்டி சொல்கிறது. அப்பாவுக்கு நடந்ததற்காகப் பிள்ளைகள் பயப்பட ஒன்றுமில்லை.

டெக்சாஸ் தமிழச்சி

அங் மோ கியோவில் வளர்ந்து, இப்போது இங்கே அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் சமூக சேவையாளராக இருக்கிறேன். சித்தி மகன் சொன்னது உண்மைதான். ஆனால் அதில் எது உங்களுக்குப் பயன்படும் என்று பார்ப்போம்.

விஏ என்று இங்கே சொல்வது முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையை. அதன் ஒவ்வொரு மருத்துவ மையத்திலும் தற்கொலைத் தடுப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2007இல் சட்டமே வந்தது. ஒருவருக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் அவருடைய மருத்துவப் பதிவில் ஒரு குறி போடுவோம். குறி போட்ட முதல் 30 நாளுக்குள் குறைந்தது நான்கு முறை மனநலச் சந்திப்பு நடந்தாக வேண்டும். நான்கு. வரவில்லை என்றால் நாங்கள் தேடிப் போய்க் கூப்பிட வேண்டும். அந்தக் குறியை 90 நாளுக்குள் மறுபரிசீலனை செய்யாமல் விட முடியாது. 2023 ஜனவரியிலிருந்து, உயிராபத்தான நெருக்கடியில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினர் எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் செலவை அரசே ஏற்கிறது: உள்நோயாளியாக 30 நாள்வரை, வெளிநோயாளியாக 90 நாள்வரை. நெருக்கடி எண் 988, பிறகு 1ஐ அழுத்த வேண்டும்.

இத்தனை இருந்தும் 2022இல் இங்கே 6,407 முன்னாள் ராணுவத்தினர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சமீபத்தில் எங்கள் மருத்துவமனைகளில் சிகிச்சை எடுத்தவர்களே இல்லை. அதாவது கட்டடம் இருந்தால் போதாது, ஆள் உள்ளே வர வேண்டும், வந்தவரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். இதைச் சொல்வதற்குக் காரணம், தனி மருத்துவமனை இல்லையே என்று நீங்கள் மனம் உடைய வேண்டாம் என்பதற்காகத்தான். பலன் தருகிறது என்று தெரிந்த பல விஷயங்களுக்குத் தனிக் கட்டடம் தேவைப்படவில்லை.

ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 2018இல் வெளியானது. விஏ அவசரப் பிரிவுகளுக்குத் தற்கொலை எண்ணத்தோடு வந்த 1,640 பேர். ஒரு பகுதியினருக்கு, இரவுப்பணி அக்கா சொன்ன அதே பாதுகாப்புத் திட்டத் தாளைப் போட்டுக் கொடுத்து, வீட்டுக்குப் போன பிறகு தொலைபேசியில் தொடர்ந்து கூப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதத்தில் முதல் பிரிவினரிடம் தற்கொலை நடத்தை ஏறக்குறைய 45 விழுக்காடு குறைந்திருந்தது. அவர்கள் வெளிநோயாளி கிளினிக்குக்கு வந்து சேரும் வாய்ப்பும் இரண்டு மடங்குக்கு மேல். ஒரு தாளும் ஃபோன் அழைப்பும் செய்த வேலை அது. யீஷுன்வாசி, உங்கள் அப்பாவை அழைத்துப் பேச கிளினிக்கிலிருந்து யாராவது ஒருவர் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

பழைய சிப்பாய்

நானும் ரெகுலராக இருந்து வெளியே வந்தவன். ஒன்று கேட்கலாமா? உங்கள் அப்பா 2005 ஜனவரியில் மெலாபோ போனவரா? பதில் சொல்லத் தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள்.

யீஷுன்வாசி

ஆமாம். உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நான் அப்போது பிரைமரி ஸ்கூல். சுனாமி வந்த பிறகு கப்பலில் போனார். திரும்பி வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாவிடம்கூட.

பழைய சிப்பாய்

தெரியாது, 'பழைய முகங்கள்' என்று அக்கா எழுதியதை வாசித்ததும் தோன்றியது. சுமத்ராவின் மேற்குக் கரையில், சாலை பாலம் எல்லாம் போன ஊருக்குக் கப்பலிலும் ஹெலிகாப்டரிலும் போய் இறங்கியவர்கள் நாங்கள். இங்கே வெளியே உள்ளவர்கள் 'சிங்கப்பூர் ராணுவம் போருக்கே போனதில்லை, இவர்களுக்கு என்ன மன அழுத்தம்' என்பார்கள். பார்த்ததை விவரிக்க எனக்கும் விருப்பமில்லை. அது இன்னும் வருகிறது, அவ்வளவு சொல்கிறேன்.

ஆனால் எனக்கு அதைவிடக் கடினமாக இருந்தது வெளியே வந்த பிறகுதான். காலையில் எழுந்தால் யாருக்கும் நான் தேவையில்லை. நூறு பேரை நிற்க வைத்தவன், கார்பார்க் கேட்டில் உட்கார்ந்து கையெழுத்து வாங்குகிறேன். அந்த வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை, அதுதான் என் குடும்பத்துக்குச் சோறு போட்டது. ஆனால் என்னை நான் யார் என்று நினைத்திருந்தேனோ அவன் காணாமல் போய்விட்டான்.

டெக்சாஸ் தமிழச்சி

அண்ணன் சொல்வது அவர் ஒருவருடைய அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்கப் படையினர் 39 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. போர்முனைக்குப் போனதற்கும் தற்கொலைக்கும் தொடர்பு தெரியவில்லை. படையை விட்டு விலகியதற்குத்தான் தொடர்பு தெரிந்தது. ஆஸ்திரேலியாவிலும் பணியில் இருக்கும் ஆண்களிடம் விகிதம் பொதுமக்களைவிடக் குறைவு, விலகியவர்களிடம் கூடுதல். அங்கே இதற்கென்று அரச விசாரணை ஆணையம் வைத்து, 2024 செப்டம்பரில் 122 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை கொடுத்தார்கள். 'போரே பார்க்காதவர்' என்ற பேச்சை யாராவது உங்கள் அப்பா காதில் போட்டால் இதைச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை

பார்மசிஸ்டாக இருப்பதால் மாத்திரைப் பையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். தொடக்கத்தில் மனசு மாறுவதற்கு முன்னாலேயே உடம்பில் சுறுசுறுப்பு திரும்பலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தேறிவிட்டார் என்று தோன்றும். அந்த வாரங்களில்தான் கண் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். பதற்றம், இருப்புக்கொள்ளாமை, தூக்கமே இல்லாமை புதிதாக வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தானாக நிறுத்தவும் விடாதீர்கள்.

மாதக் கணக்கில் மருந்து வீட்டில் கிடக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு மட்டும் எடுத்துக் கொடுத்து மீதியை வேறு வீட்டில், பெரியப்பா வீட்டிலேயே, வைக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க முடியுமா என்று மருந்தகத்திலும் கேளுங்கள். பழைய வலி மாத்திரை, காலாவதியானது, அம்மாவுடைய மருந்து எல்லாவற்றையும் கணக்கெடுங்கள். தூக்க மாத்திரையோடு குடி சேரவே கூடாது. குடியை டாக்டரிடம் மறைக்காதீர்கள், அது தெரியாமல் எழுதும் மருந்து ஆபத்து.

வேலூர்க்காரன்

இழையை முழுக்க வாசித்தேன். தெம்பனிஸில் இருக்கிறேன், ஊர் வேலூர் பக்கம். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நான்கு பேர் மிலிட்டரி. என் அப்பாவும் மதராஸ் ரெஜிமெண்ட்டில் இருந்தவர். அவருக்கும் இதே தூக்கமின்மை, இதே மௌனம். நான் இங்கே, அவர் அங்கே. வீடியோ காலில் 'நல்லா இருக்கேன்' என்று மட்டும் சொல்வார். ஊரில் அப்பா இருக்கும் என்னைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள: முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் மருத்துவத் திட்டம் 2003இலிருந்து இருக்கிறது, அதன் பாலிகிளினிக்கிலிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். இந்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் அதற்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கான ஸ்நேகா அமைப்பு 1986இலிருந்து இருக்கிறது.

என் கேள்வி வேறு. தூரத்தில் இருக்கும் பிள்ளை என்ன செய்ய முடியும்? தினமும் கூப்பிட்டு 'மாத்திரை போட்டீர்களா' என்று கேட்டால் எரிச்சல்படுகிறார்.

டெக்சாஸ் தமிழச்சி

தம்பி, எதுவும் கேட்காமல் கூப்பிடுங்கள். ஜெரோம் மோட்டோ என்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மனநல மருத்துவர் இருந்தார். வார்டிலிருந்து போன பிறகு வெளிநோயாளி சிகிச்சை வேண்டாம் என்று மறுத்துவிட்ட 843 பேரை எடுத்துக்கொண்டார். பாதிப் பேருக்கு ஐந்து வருடம் அவ்வப்போது ஒரு சின்னக் கடிதம் போனது. 'நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், ஒரு வரி எழுதத் தோன்றினால் எங்களுக்கு மகிழ்ச்சி' என்ற அளவில்தான். மருந்து பற்றிக் கேள்வி இல்லை, கிளினிக்குக்கு வா என்ற வற்புறுத்தல் இல்லை. கடிதம் போனவர்களிடம் தற்கொலை குறைந்தது, முதல் இரண்டு வருடத்தில் அது தெளிவாகவே தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் படையில் இருந்தபோது தனக்கு வந்த கடிதங்கள்தான் மோட்டோவுக்கு இந்த யோசனையைக் கொடுத்தவை.

அதனால் ஊரில் மழையா, சுண்டைக்காய் காய்த்ததா என்று பேசுங்கள். மாத்திரை விஷயத்தை அம்மாவிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ விடுங்கள். உங்கள் ஃபோன் வந்தால் கண்காணிப்பு என்று அவருக்குத் தோன்றக் கூடாது.

பழைய சிப்பாய்

யீஷுன்வாசி, உங்கள் அப்பாவுக்கு நான் அனுப்பலாமா, கடிதம் இல்லை, வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி? மெலாபோ போன இன்னும் சில பேரோடு எனக்குத் தொடர்பு இருக்கிறது. முதலில் அப்பாவிடம் கேளுங்கள். அவருக்கு ஒப்புதல் என்றால் தனிச்செய்தியில் எண்ணை அனுப்புங்கள். ஆஸ்பத்திரி விஷயத்தை நானாகக் கிளற மாட்டேன்.

யீஷுன்வாசி

கேட்டேன். 'யார் அவன்' என்றார். மெலாபோ என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'சரி, கொடு' என்றார். அனுப்பிவிட்டேன்.

கிளினிக்கிலும் கூப்பிட்டேன். இரவுப்பணி அக்கா சொன்னபடி முழுக்கச் சொன்னேன். முதலில் எடுத்தவர் இடமில்லை என்றுதான் சொன்னார். நர்ஸிடம் பேச வேண்டும் என்று நின்றேன். நர்ஸ் கேட்டுவிட்டு, அடுத்த வாரமே ஒரு தேதி கொடுத்தார். நடுவில் அவரே அப்பாவைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். செலவு எவ்வளவு ஆகும் என்ற கவலை இப்போது. அம்மாவும் வேலைக்குப் போவதில்லை.

இரவுப்பணி

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு போனால் சிறப்பு மருத்துவர் கிளினிக்கில் மானியக் கட்டணம் கிடைக்கும். அரசாங்க மருத்துவமனை வார்டிலிருந்தே அனுப்பியிருந்தால், மானியம் உண்டா என்று பதிவு மேடையில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கடும் மனச்சோர்வு நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால் வெளிநோயாளிச் செலவுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து வருடத்துக்கு 500 வெள்ளி, சிக்கலான நிலை என்றால் 700 வெள்ளிவரை எடுக்கலாம். 15 விழுக்காடு கையிலிருந்து கட்ட வேண்டும். உங்கள் மெடிசேவையும் அப்பாவுக்குப் பயன்படுத்தலாம். அதுவும் போதவில்லை என்றால் மருத்துவ சமூக சேவையாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தற்கொலை முயற்சியால் வந்த ஆஸ்பத்திரிச் செலவை மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி முன்பு ஏற்காது, 2021இலிருந்து அந்த விலக்கு இல்லை. அந்த பில்லையும் ஒரு முறை சரிபாருங்கள்.

கிளினிக்குக்கு வெளியிலும் ஆட்கள் இருக்கிறார்கள். சமூக சேவை அமைப்புகள் நடத்தும் காமிட் என்ற சமூக மனநலக் குழுக்களில் ஆலோசகர்கள் உண்டு. வட்டாரத்தில் யார் என்று ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800 650 6060 எண்ணில் கேளுங்கள். எஸ்ஓஎஸ் அமைப்பிலும் ஃபோனில் பேசுவதோடு நிற்காமல், நெருக்கடியில் இருப்பவர்களைத் தொடர்ந்து சந்திக்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்கும் பேச ஒருவர் வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். இத்தனை வாரமாகத் தூங்காமல் கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பவர் அவர்.

புக்கிட் பாத்தோக் அண்ணன்

நானும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ரெக்கார்டு விஷயம் தெளிவாயிற்று, நன்றி. என் மைத்துனரும் படையில் இருந்தவர், மனைவி போன பிறகு ஒரு மாதிரியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து நேராகவே கேட்கிறேன்.

பழைய சிப்பாய்

இங்கே தனி அமைப்பு வேண்டுமா என்ற முதல் கேள்விக்கு என் கருத்து. படையில் இருக்கும்போது ஆயுதப்படைக்கென்று 24 மணி நேர ஆலோசனை எண் உண்டு, உளவியலாளர்கள் உண்டு. ஓய்வுபெற்றவர்களுக்கு வெட்டரன்ஸ் லீக் இருக்கிறது, ஆனால் அது கிளினிக் இல்லை. வெளியே வந்தவர் மற்றவர்களோடு சேர்ந்து அதே வரிசையில்தான் நிற்கிறார். 1967இலிருந்து தேசிய சேவை இருக்கும் நாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்பிள்ளையும் சீருடை போட்டவன், அத்தனை பேருக்கும் தனி மருத்துவமனை கட்ட முடியாது, எனக்கு அது வேண்டவும் வேண்டாம்.

நான் கேட்பது சின்ன விஷயம். கிளினிக்கில் முதல் நாள் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி: ரெகுலராக இருந்தீர்களா, எங்கே அனுப்பப்பட்டீர்கள், என்ன பார்த்தீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள்? நான் கிளினிக் போன காலத்தில் அதை யாரும் கேட்கவில்லை. சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, குடும்பத்தில் மனநோய் உண்டா என்று எல்லாம் கேட்டார்கள். நானாகச் சொல்லவும் தெரியவில்லை. என் தூக்கமின்மைக்கு வெறும் தூக்க மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார்கள். பல காலம் கழித்து ஒரு உளவியலாளர் கேட்டார். அதற்குப் பிறகுதான் அந்த நினைவுகளுக்கே உரிய சிகிச்சை தொடங்கியது.

இரவுப்பணி

ஒத்துக்கொள்கிறேன். கேள்வியோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: முயற்சிக்குப் பிறகு வீட்டுக்குப் போகிற எவரையும், படையில் இருந்தாரோ இல்லையோ, முதல் சில நாளுக்குள் யாராவது கூப்பிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம். சில இடங்களில் செய்கிறார்கள், சில இடங்களில் ஆள் இல்லை. 2022இல் இந்தச் சின்னத் தீவில் 476 பேரை இழந்தோம். யீஷுன்வாசி நர்ஸிடம் பேச வேண்டும் என்று நின்றதால் தேதி கிடைத்தது. நிற்கத் தெரியாத, ஆங்கிலத்தில் வாதாட முடியாத ஒரு அம்மா கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

யீஷுன்வாசி

அதே கவலைதான் எனக்கும், அடுத்த வாரம் எனக்கு லீவு கிடைக்காவிட்டால் அம்மாதான் கூடப் போக வேண்டும். டாக்டரோடு தனியாகப் பேச விடுவார்களா? அப்பாவுக்கு ஆங்கிலம் வரும், ஆனால் மனசில் உள்ளதைத் தமிழில்தான் சொல்வார். அங்கே என்ன கேட்க வேண்டும்?

குரல் செய்தி வந்தது. அப்பா இரண்டு முறை கேட்டார். பதில் போடவில்லை, ஆனால் அழிக்கவில்லை.

இரவுப்பணி

பதில் வராவிட்டாலும் அண்ணன் அடுத்த வாரமும் அனுப்பட்டும்.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கிளினிக்குக்கு ஃபோன் செய்து, தமிழ் தெரிந்த டாக்டரோ ஆலோசகரோ மொழிபெயர்க்க ஆளோ வேண்டும் என்று பதிவு செய்யுங்கள். அன்றைக்கு வந்து நின்று கேட்டால் கிடைப்பது சிரமம். முடிந்தவரை அம்மாவை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மனைவி முன்னால் அவர் சில விஷயங்களைச் சொல்ல மாட்டார், சொன்னாலும் அம்மா அதை மென்மையாக்கித்தான் சொல்வார். டாக்டர் அப்பாவைத் தனியாகப் பார்ப்பார், பிறகு அம்மாவைக் கூப்பிடச் சொல்லிக் கேட்கலாம். அப்பா அனுமதிக்காவிட்டாலும், வீட்டில் பார்த்ததை நாம் டாக்டருக்குச் சொல்வதற்குத் தடையில்லை. தூக்கம், குடி, சாப்பாடு, அவர் சொன்ன வார்த்தைகள், மெலாபோ எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுத்து அனுப்புங்கள், நர்ஸிடம் கொடுத்தால் உள்ளே போகும்.

கேட்க வேண்டியவை: பாதுகாப்புத் திட்டம் இன்றே போட முடியுமா, அந்த நினைவுகளுக்கு உளவியல் சிகிச்சை எப்போது தொடங்கும், குடிக்கு யாரைப் பார்ப்பது, வராமல் போனால் யார் கூப்பிடுவார்கள், அடுத்த தேதி எத்தனை நாளில். கடைசிக் கேள்விக்கு 'மூன்று மாதம்' என்று பதில் வந்தால் அம்மா அங்கேயே உட்கார்ந்து உங்களுக்கு ஃபோன் போடட்டும், நீங்கள் நர்ஸிடம் பேசுங்கள். மாத்திரைப் பையை அப்படியே எடுத்துப் போகச் சொல்லுங்கள்.